காற்று அசையாத நாளில் சிலோன் தெரியும்

1. வருதா?

என் தொழிலில் நான் அதிகம் சொன்ன சொல் இதுதான். மொட்டை மாடியில் நின்று ஆன்டெனா மாட்டிய ஜி.ஐ. பைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக் கத்த வேண்டும்.

"வருதா?"

கீழே ஜன்னலோரம் நிற்பவர் டிவியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கத்துவார். "வரலை!"

பைப்பை ஒரு விரற்கடை திருப்புவேன். "இப்ப?"

"கோடு கோடா வருது!"

இன்னும் கொஞ்சம். "இப்ப வருதா?"

"போச்சு! முன்ன இருந்ததும் போச்சு!"

இப்படியே முப்பது வருஷம் போய்விட்டது. கடை ராஜபாளையத்தில், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் மொபெட்டில் கிளம்பிப் போய், சாயங்காலம் கழுத்து வலியோடு திரும்பி வருவேன். அண்ணாந்து பார்த்தே கழுத்து போன ஆட்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு.

நான் முதலில் ரேடியோ மெக்கானிக். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பஞ்சு வியாபாரி மெட்ராஸிலிருந்து டிவிப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு எனக்கு ஆள் அனுப்பினார். அப்போது எங்கள் பக்கத்துக்கு நம் நாட்டு ஒளிபரப்பு எதுவும் எட்டாது. கடல் தாண்டி வருகிற இலங்கை டிவி ஒன்றுதான் கதி. ஊரில் எல்லோரும் அதைச் சிலோன் என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆன்டெனாவாக, பன்னிரண்டு குச்சி வைத்தது, தென்கிழக்கே பார்த்து உயரமான கம்பத்தில் கட்டினால் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது.

நான் கட்டினேன். மூன்று நாள் தெரியவில்லை. திரையில் வெறும் புள்ளி. வியாபாரி என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நாலாம் நாள் சாயங்காலம் கம்பத்தைக் கழற்றிவிடலாம் என்று போனால், வீடு முழுக்க ஆட்கள். திரையில் ஒரு பெண் சிங்களத்தில் சமையல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் தோடு ஆடுவதுகூடத் தெரிகிறது.

"என்னய்யா பண்ணுனீரு?" என்று கேட்டார் வியாபாரி.

நான் ஒன்றும் பண்ணவில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் மனசு வரவில்லை. "நேத்து ஒரு சின்ன அட்ஜஸ்ட்மென்ட் செஞ்சேன் மொதலாளி" என்றேன். காப்பி கொடுத்தார்கள். குடித்தேன். ஆனால் அந்தப் பொய் உறுத்தியது. நான் தொடாத கம்பத்தில் படம் எப்படி வந்தது? அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். தினமும் வானம், காற்று, பனி, படம் நான்கையும் எழுதி வைத்தேன்.

2. சங்கு கேட்கிற காலை

ஒரு வருஷம் எழுதியதும் நோட்டு பேச ஆரம்பித்தது. ஆனி, ஆடியில் செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று விழுந்தடித்து வரும். அப்போது சிலோன் அடியோடு இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இல்லை. மழை விட்டு, மேகம் கலைந்து, காற்று அப்படியே நின்றுபோகிற சில நாள் வரும் பாருங்கள், தை மாசி பங்குனியில் அது அதிகம், அந்த நாட்களில் படம் கண்ணாடியாக இருக்கும்.

காலையிலேயே அடையாளம் தெரியும். மொபெட் சீட்டில் தண்ணீராகப் பனி நிற்கும். மலை மங்கலாக, அழுக்குத் துணி போட்டு மூடியதுபோல் இருக்கும். டீக்கடைப் புகை மேலே போகாமல் கூரை உயரத்திலேயே படுத்துக்கிடக்கும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், உதடு வெடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம், ராஜபாளையத்து மில் சங்கு. மற்ற நாட்களில் அது ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கேட்காது. காற்று நின்ற நாட்களில் காலைச் சங்கு என் வீட்டு வாசலில் கேட்கும். கேட்டால் அன்று சாயங்காலம் சிலோன் நிச்சயம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று வைத்துக்கொண்டேன். சங்கு கேட்ட அன்று மட்டும் புதுக் கஸ்டமர் வீட்டுக்குப் போய்க் கம்பம் கட்டுவேன். கைராசிக்காரன் என்று பெயர் வாங்கியது அப்படித்தான்.

காரணத்தைச் சொன்னவர் கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு காலேஜில் பிசிக்ஸ் எடுத்த வாத்தியார். அவர் வீட்டுச் சுவரில் காற்றழுத்தம் பார்க்கிற வட்டமான மீட்டர் ஒன்று மாட்டியிருந்தார். என் நோட்டை வாங்கிப் புரட்டியவர் எழுந்து போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதுவரை பனியனோடுதான் பேசிக்கொண்டிருந்தார்.

"இது ஹை பிரஷர் வே" என்றார். "ரேடியோல லோ பிரஷர் வந்தா சொல்லுவான். காற்றழுத்தத் தாழ்வு, புயலு, மீனவர் போகாதீங்கன்னு. ஹை பிரஷர் வந்தா யாரு சொல்லுதா? மழை இல்ல, காத்து இல்ல, அதுல என்ன நியூஸ் இருக்கு? ஆனா அதுவும் வருது, போகுது. மேல இருக்க காத்து மெதுவா கீழ அமுங்கும். அமுங்குனா சூடாகும், மேகம் கரைஞ்சிரும். தரை ராத்திரியில குளிர்ந்து கிடக்கும். கீழ குளிர்ந்த காத்து, மேல சூடான காத்து. சட்டிக்கு மூடி போட்ட மாதிரி. புகை அந்த மூடியைத் தாண்டாது. சங்குச் சத்தமும் தாண்டாது, கீழயே வளைஞ்சு வளைஞ்சு உம்ம வீடு வரைக்கும் வருது. டிவி சிக்னலும் அதே கதைதான். சாதாரணமா பூமி வளைவுல சிலோன் நமக்கு மறைஞ்சு கிடக்கு. மூடி போட்ட அன்னைக்கு மட்டும் அந்த மூடிக்கு அடியில சிக்னல் வளைஞ்சு கடலைத் தாண்டி வந்திருது."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த மூடி புரிந்தது. அதற்குப் பிறகு அந்த மாதிரிக் காலையில் வானத்தைப் பார்க்கும்போதெல்லாம், எங்கள் ஊரையும் கடலையும் சிலோனையும் சேர்த்து ஒரே மூடியாக யாரோ மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒரே சட்டிக்குள் இருக்கிறோம் என்று ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் எல்லோருக்கும் இல்லை. வத்திராயிருப்பில் ஒரு நெல் விவசாயி வீட்டில் கம்பம் கட்டிக்கொண்டிருந்தேன். கிணறு இறங்கிக்கொண்டிருந்த சமயம். "நல்ல படம் வரும் அண்ணாச்சி, பத்து நாளைக்கு மேகமே வராது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"ஏலே, வாயைக் கழுவுலே! படம் வராம நாசமாப் போகட்டும், மழை வரட்டும்" என்று கம்பத்துக்குப் பிடித்த கயிற்றையே விட்டுவிட்டார். நல்லவேளை, கம்பம் வைக்கோல் படப்பில் சாய்ந்தது. ஒருவர் ஏங்குகிற வானம் இன்னொருவருக்கு ஆகாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கற்றுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். கற்றுக்கொண்டிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

3. ராசம்மாக்காவின் திசை

ராஜபாளையத்தில் ஒரு காம்பவுண்டு. முன்னால் வீட்டுக்காரர் வீடு, பின்னால் வரிசையாக ஆறு வாடகை வீடு. வீட்டுக்காரர் மாடியில் ஒரே கம்பம். சிக்னலைக் கூட்டுகிற பூஸ்டர் ஒன்றை மாட்டி, அதிலிருந்து வயர் பிரித்து, டிவி வைத்திருந்த மூன்று வீட்டுக்கும் கொடுத்திருந்தேன். மூன்றாவது டிவி ராசம்மாக்காவுடையது. பழைய கருப்பு வெள்ளைப் பெட்டி.

அக்காவுக்கு மில்லில் கோன் வைண்டிங், நூலைக் கோனில் சுற்றுகிற வேலை. பிறந்து வளர்ந்தது சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு அரசாங்கமும் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது அக்காவுக்கும் அவர் புருஷனுக்கும் இந்தியா என்று வந்தது. தங்கச்சி பூமணிக்கும் அவள் குடும்பத்துக்கும் சிலோன் என்று வந்தது. புருஷன் இங்கே வந்த இரண்டாம் வருஷமே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அங்கே கலவரம் ஆனபிறகு கப்பலும் நின்றுவிட்டது. கடிதம் மட்டும்தான். அதுவும் போன கடிதத்துக்குப் பதில் வர மூன்று நான்கு மாதம் ஆகும்.

மற்றவர்கள் சிலோன் டிவியில் என்றைக்காவது போடுகிற தமிழ்ப் படத்துக்காகக் காத்திருப்பார்கள். வீட்டுக்காரர் சும்மாவே பார்ப்பார். "ஆயுபோவன்" என்று சிங்களத்தில் வணக்கம் சொல்லப் படித்துக்கொண்டு, பால்காரரிடம்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா செய்தி பார்ப்பார். செய்தியை இல்லை. செய்தி வாசிக்கிறவருக்குப் பின்னால் காட்டுகிறதை.

"வாசிக்கிறவரை விடுங்க தம்பி, அங்க பாருங்க. ரோடு ஈரமா இருக்கு. அங்க மழை."

எனக்குத் தெரிந்து, சங்கு கேட்காமலேயே சிலோன் வரும் என்று கண்டுபிடித்த ஒரே ஆள் ராசம்மாக்காதான். காற்று உலர்ந்துபோனால் மில்லில் நூல் அடிக்கடி அறும். சூப்பர்வைசர் வாயில் வந்ததைப் பேசுவார். மற்ற பெண்கள் முகம் சுண்டிப்போய் ஷிப்டு முடிந்து வருவார்கள். இவர் மட்டும் சிரித்துக்கொண்டே கடையைத் தாண்டிப் போவார். "இன்னைக்கு நூலு நிக்கவே இல்ல தம்பி. பூஸ்டரைப் போட்டு வைங்க."

அப்புறம் கொடைக்கானல் டவர் வந்தது. வடக்கே திருப்பினால் போதும், சின்ன ஆன்டெனாவிலேயே நம் நாட்டுப் படம் பளிச்சென்று வந்தது. மழை, காற்று எதற்கும் பயமில்லை. ஊர் முழுக்க ஒரே கூச்சல். "அண்ணாச்சி, எங்க வீட்டையும் திருப்பி விடுங்க." ஒரு மாதம் சோறு தண்ணியில்லாமல் திருப்பினேன். தென்கிழக்கே பார்த்து நின்ற ஊரை நான் ஒருவன் வடக்கே பார்க்க வைத்தேன் என்று பெருமைகூடப் பேசித் திரிந்தேன்.

அந்தக் காம்பவுண்டு கம்பத்தையும் திருப்பச் சொன்னார் வீட்டுக்காரர், திருப்பினேன். பெரிய ஆன்டெனாவை இறக்கிக் கடைப் பரணில் போட்டுவிட்டுச் சின்னதை மாட்டினேன். பூஸ்டரையும் கழற்றினேன். ராசம்மாக்கா அப்போது ஷிப்டில் இருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கடைக்கு வந்தார். "தம்பி, சிலோன் போச்சு."

"கொடைக்கானல் வந்துருச்சேக்கா! கண்ணாடி மாதிரி. இனிமே நூலு அறுந்தாலும் வரும், அறாட்டாலும் வரும்."

"அதுல பூமணி ஊரு வராதே தம்பி."

"உங்களுக்குத் தனியா ஒரு கம்பம் போட்டுத் தாரேன்க்கா. இந்த வாரமே வாரேன்" என்றேன். அந்த வாரம் போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஊரே வேண்டாம் என்று சொன்ன சிலோனை ஒருத்தருக்காகக் கட்டுவதா என்ற அலட்சியம்தான், வேறென்ன. அக்கா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினார். அதன்பிறகு கடையைத் தாண்டும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். அந்தத் தலையாட்டல் என்னைப் படுத்தியது. திட்டியிருந்தால் தேவலை.

4. பொங்கல் சாயங்காலம்

போகிக்கு முந்தின நாள் அக்கா கடிதத்தோடு கடைக்கு ஓடி வந்தார். பூமணி எழுதியது. தோட்டத்துக்கு டிவிக்காரர்கள் வந்து அம்மன் கோவில் பால்குடத்தைப் படம் பிடித்துப் போயிருக்கிறார்களாம். பொங்கலன்று சாயங்காலம் ஆறரைக்குத் தமிழ் நிகழ்ச்சியில் போடுகிறார்களாம். "வரிசையில நாலாவதா நான் வாரேன். சிவப்புச் சேலை. பார்த்துக்க அக்கா" என்று எழுதியிருந்தாள். கடிதம் வழியெல்லாம் தங்கித் தங்கி, சரியாக இரண்டு நாள் மிச்சம் வைத்து வந்து சேர்ந்திருந்தது.

"பதினேழு வருசம் ஆச்சு தம்பி நான் அவளைப் பார்த்து" என்றார் அக்கா. "என் பெட்டியில சிவப்பு எப்படித் தெரியும்?"

"கறுப்பாத் தெரியும்க்கா."

"சரி. கறுப்புன்னா கறுப்பு. அவ இடது கைக்காரி. குடத்தை இடது கையிலதான் பிடிப்பா. கண்டுபிடிச்சிருவேன்."

ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஏமாற்றிய ஆள். படம் ஒரு தடவைதான் வரும். அதுவும் அன்று வானம் எப்படி இருக்குமோ தெரியாது. அதற்கு முந்தின வாரம்கூடத் தூறல் விழுந்துகொண்டிருந்தது. "பொங்கலன்னைக்கு நானே வாரேன்க்கா" என்றேன். அவர் என்னை நம்பின மாதிரித் தெரியவில்லை.

போகியன்று காலை வாசலில் நின்று காதைத் தீட்டினேன். சங்கு கேட்டது. மெலிசாக, ஆனால் சந்தேகமில்லாமல் கேட்டது. சாயங்காலம் ராஜபாளையத்தில் அக்காவைப் பார்த்தேன். "நூலு?" என்று கேட்டேன். "நிக்கவே இல்ல தம்பி" என்றார். ஒரு வருஷம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

பொங்கலன்று மில் லீவு. சங்கு இல்லை. முந்தின நாள் இருந்த மூடி இன்றும் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாசலில் தவித்துக்கொண்டு நின்றேன். தெருவெல்லாம் பொங்கல் பானை. ஐம்பது அறுபது அடுப்புப் புகை நேராக மேலே போனது. தென்னை உயரத்துக்குப் போனதும் எல்லாப் புகையும் ஒரே மட்டத்தில் நின்று, பாய் விரித்த மாதிரி ஊருக்கு மேலே படர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் மனைவி புகையால் என்று நினைத்துக்கொண்டாள்.

"பொங்கலன்னைக்குமா கம்பத்துல ஏறப் போறீக?" என்றாள்.

"இன்னைக்கு மட்டுந்தான்" என்றேன். இந்த ஒரு விஷயத்தில் அவளிடம் நான் பொய் சொல்லவில்லை.

பரணிலிருந்த பெரிய ஆன்டெனாவைத் தூசி தட்டி, ஒரு இருபதடிப் பைப்பையும் பூஸ்டரையும் எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குக் காம்பவுண்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் வீட்டில் சொந்தக்காரர்கள் கூட்டம். புதுக் கலர் டிவி. பொங்கல் சிறப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"என் கம்பத்துல கை வைக்காதீரும். சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் வந்திருக்காக" என்றார் வீட்டுக்காரர்.

"வைக்கலை. மாடியில நிக்க மட்டும் இடம் குடுங்க."

"எம்புட்டு நேரம்?"

"அரை மணி."

பைப்பைச் சுவரோடு பிடிக்கக் கிளாம்பு மாட்ட நேரமில்லை. போதாததற்குத் தென்கிழக்குத் திசையில் சஞ்சீவி மலையின் ஓரம் கொஞ்சம் மறைத்தது. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் தப்பும். ஏறினேன். பைப்பைத் தொட்டி மூலையில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வயர் நேராக அக்கா வீட்டு ஜன்னலுக்கு இறங்கியது. அக்கா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு வாசலில் நின்று சேதி சொல்ல வீட்டுக்காரம்மாவே வந்தார்.

சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கியிருந்தது. இலைகூட அசையவில்லை.

"வருதா?"

"புள்ளி புள்ளியா இருக்கு!"

திருப்பினேன். "இப்ப?"

"கோடு வருது. சத்தம் வருது. தமிழ்தான், தமிழ்தான்!"

"ஆள் தெரியுதா?"

"ஆளு தெரியுது, மூஞ்சி தெரியலை!"

இன்னும் ஒரு நூலளவு திருப்பினேன். "இப்ப வருதா?"

பதில் இல்லை.

"ஏங்கம்மா, வருதா?"

பதில் இல்லை. எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பைப்பை மறுபடி திருப்பப் போனேன். அரவம் கேட்டுப் பார்த்தால் வீட்டுக்காரர் மாடிக்கு வந்திருக்கிறார். அரை மணி ஆயிற்று என்று சொல்ல வந்திருப்பார். அவர் கைப்பிடிச் சுவரில் குனிந்து கீழே பார்த்தார். அங்கிருந்து ஜன்னல் வழியாக அக்கா வீட்டுத் திரை தெரியும். பார்த்தவர் என் பக்கம் கையை நீட்டினார். அசையாதே என்று.

அப்புறம் அவரே தொட்டி மேல் ஏறிவந்து பைப்பின் அடியைப் பிடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே மேளச் சத்தம் கேட்டது. கடலுக்கு அந்தப் பக்கத்து மேளம். கொஞ்ச நேரத்தில் விளம்பரப் பாட்டு கேட்டது. அவ்வளவுதான் என்று புரிந்தது.

அக்கா முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். "தம்பி, எல்லாச் சேலையும் கறுப்பாத்தான் இருந்துச்சு. கையை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்."

"பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன். அவளுக்குக் கால் நொண்டுது தம்பி. வலது காலை இழுத்து இழுத்து நடக்கா. ஒரு கடுதாசியில கூட எழுதலையே. என்ன ஆச்சோ, யாரு என்ன பண்ணுனாகளோ." வீட்டுக்காரம்மா அவர் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

5. சித்திரையில் வந்த பதில்

மறுநாளே அக்கா பூமணிக்கு எழுதிவிட்டார். காலுக்கு என்ன என்று. பதில் சித்திரையில் வந்தது. கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, "நீங்களே படிங்க தம்பி" என்றார்.

"அக்கா, நீ பார்த்தியா? நெசமாவே பார்த்தியா?" என்றுதான் கடிதம் ஆரம்பித்தது. "காலு ஒண்ணும் இல்ல, மலையில விழுந்தது, பழகிப்போச்சு. படம் பிடிச்ச தம்பிகிட்ட இந்தியா எந்தப் பக்கம்னு கேட்டேன். கையைக் காட்டுனாரு. அந்தப் பக்கம் திரும்பி உன்னைப் பார்த்து நல்லாச் சிரிச்சேன். தெரிஞ்சுதா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சிரிச்சாளாம் தம்பி" என்றார் அக்கா. "நான் அவ காலையே பார்த்துக்கிட்டிருந்துட்டேன். மூஞ்சியைப் பார்க்காமப் போயிட்டேனே."

அன்று மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, அக்கா வீட்டுக் கூரையில் தனிக் கம்பம் போட்டேன். மலை மறைக்கிற இடம்தான். இருக்கிற பைப்பையெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஜாயின்ட் போட்டு, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டினேன். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. "திருப்பிப் போடுவாகள்ள தம்பி? ஒரு தடவை போட்டதை மறுபடி போடுவாகள்ள?" என்று அக்கா கேட்டார். போடுவார்கள் என்றேன். அடுத்த பொங்கலுக்குப் போடவில்லை. அதற்கடுத்த பொங்கலுக்கும் போடவில்லை. ஆனால் என் வீட்டு வாசலில் சங்கு கேட்கிற ஒவ்வொரு நாளும் அக்கா பெட்டி முன்னால் உட்கார்ந்தார். நான் கூப்பிடாமலேயே போய்க் கம்பத்தைச் சரிபார்த்துவிட்டு வருவேன்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தது. கூரையெல்லாம் மொட்டையாயிற்று. அக்கா மில்லை விட்டு நின்று, கான்சாபுரத்தில் புருஷன் வழிச் சொந்தக்காரர் வீட்டோடு போனார். அங்கே போய் முதலில் கேட்டது கம்பத்தைத்தான். நான் கடைசியாகக் கட்டிய சிலோன் கம்பம் அதுதான். வெட்டவெளி, தென்கிழக்கே மலையும் இல்லை, மறைப்பும் இல்லை. ஆனால் நான் போன அன்று நல்ல காற்று.

இப்போது இந்தத் தொழிலில் ஆள் குறைவு. டிஷ் கட்டுகிற பையன்கள் சில பேர் வந்து யோசனை கேட்பார்கள். இரண்டே விஷயம்தான் சொல்வேன். எதையும் திருப்புவதற்கு முன்னால் அந்த வீட்டில் எல்லோரையும் கேளுங்கள், ஷிப்டுக்குப் போயிருப்பவரையும் சேர்த்து. இன்னொன்று, மாடியில் நின்று வருதா என்று கேட்டுப் பதில் வரவில்லை என்றால் பதறிப் பைப்பை அசைக்காதீர்கள். படம் வந்துவிட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

இன்றும் தை மாதத்தில் புகை படுத்துக்கிடக்கிற காலையில் என் கழுத்து தானாகத் தென்கிழக்கே திரும்பிவிடும். அந்த நாட்களுக்காக மனசு ஏங்குகிறது. மூடி இன்னும் வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதன் அடியில் பார்க்கத்தான் யாரும் இல்லை.

கான்சாபுரத்தில் அன்று கம்பத்தைக் கட்டி முடித்துவிட்டுப் பழக்கத்தில் கீழே பார்த்துக் கத்தினேன். "வருதா அக்கா?"

திரையில் வெறும் புள்ளி என்று எனக்கே தெரியும். அக்கா ஜன்னலிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்.

"காத்து ஓயட்டும் தம்பி. வரும். இந்தத் தடவை மூஞ்சியைப் பார்த்திருவேன்."